கல்யாணத்தைக் கொளுத்திய சினிமா!

தீபா மேத்தா அம்மையார் 1996 இல் எடுத்த சினிமாவுக்கு "ஃபயர்" என்று பெயர், அதாவது நெருப்பு. 1998 நவம்பரில் அது இந்தியாவில் காட்டப்பட்டதும், டிசம்பரில் பம்பாயிலும் டெல்லியிலும் சிவசேனைக்காரர்கள் கொட்டகைகளில் புகுந்து உடைத்து நொறுக்கிப் படத்தை நிறுத்தினார்கள். சென்சார் போர்டார் மறுபடி பார்த்து, 1999 இல் ஒரு வெட்டுமில்லாமல் அனுமதித்தார்கள்.

அப்படி என்ன குற்றம் அதில்? டெல்லியில் ஒரு கூட்டுக் குடும்பம். மூத்த மருமகள் ராதைக்குப் பிள்ளை இல்லை. புருஷன் ஒரு சாமியாரைப் பிடித்துக்கொண்டு பிரமசரிய விரதம் பூண்டவன். விரதம் கெட்டியாயிருக்கிறதா என்று பரீட்சை பார்க்கப் பெண்சாதியைப் பக்கத்தில் படுக்கச் சொல்லுவான், தொடமாட்டான். வருஷக்கணக்காக இந்த யோக்கியதை! இளையவள் சீதை, அவள் புருஷனோ கல்யாணத்துக்குப் பிறகும் வேறொருத்தியை விடாதவன். துக்கத்தில் கிடந்த இவ்விரு பெண்களும் ஒருவரையொருவர் நேசித்துவிட்டார்கள். கடைசியில் அடுப்படியில் ராதையின் புடவையில் நெருப்புப் பிடிக்கிறது. புருஷன் தன் தாயைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான்! ராமாயணத்துச் சீதையைப் போல இவளும் பிழைத்து வருகிறாள். ஆனால் புருஷனிடமல்ல, தோழியிடம் போய்ச் சேருகிறாள்.

ராதை, சீதை என்று பெயர் வைத்ததே பாவமாம். கல்யாணமென்னும் ஏற்பாடே இப்படத்தால் அழிந்துபோகுமாம். ஒரு படம் பார்த்தால் அழிந்துபோகிற ஏற்பாட்டை இத்தனை காலமும் எதைக் கொண்டு நிறுத்தி வைத்திருந்தீர்கள்? அடியைக் கொண்டா, பட்டினியைக் கொண்டா, பதிவிரதைக் கதைகளைக் கொண்டா என்று கேட்கின்றோம்.

நிற்க, மதுரைக்கு வருவோம். புருஷனுக்காக ஒருத்தி எரித்த ஊர் என்று பட்டிமன்றம் போட்டுப் பெருமை பேசுகிற ஊர் இது. இவ்வூர்ப் பெண்கள் இருவர் சேர்ந்து வாழ்வதைப் பெற்றோர் எதிர்க்கவே, 2021 இல் அவர்கள் சென்னைக்கு ஓடவேண்டியதாயிற்று. காணவில்லையென்று போலீசில் புகார், விசாரணை. அவர்கள் பாதுகாப்புக் கேட்டு ஐக்கோர்ட்டுக்குப் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவ்விஷயத்தில் தமக்குப் போதிய அறிவில்லையென்று ஒப்புக்கொண்டு, மனோதத்துவ நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். பிறகு ஜூன் 7 ஆம் தேதி, இத்தகைய வயது வந்தவர்களைப் போலீசார் தொந்தரவு செய்யக்கூடாது, வைத்தியத்தால் மாற்றுகிறோமென்பதும் கூடாது என்று உத்தரவிட்டார். சாஸ்திரம் படித்த எந்தப் பண்டிதராவது "எனக்குத் தெரியாது" என்று சொல்லி நம்மில் யாராவது கேட்டதுண்டா? நம் பக்கத்துக் கிராமங்களிலோ, கல்யாணம் வேண்டாமென்ற பெண்ணுக்கு முதலில் வருவது கோடாங்கியின் உடுக்கை. அடுத்தது அவசர அவசரமாய் ஒரு தாய்மாமன்!

வைதீகர்கள் கிடக்கட்டும். மேலூர்ப் பக்கத்துத் தோழர் ஒருவரே, "இது வெள்ளைக்காரன் நாட்டு வியாதி அல்லவா?" என்று நம்மைக் கேட்டார். 1860 இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377 ஆவது பிரிவுதான் "இயற்கைக்கு விரோதம்" என்று ஒன்றை எழுதி வைத்துத் தண்டித்தது. வயது வந்தவர்கள் சம்மதித்து நேசிப்பது குற்றமல்லவென்று 2018 இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. வெள்ளைக்காரனிடமிருந்து வந்தது நேசமா, தண்டனையா?

அத்தோழருக்கு இரண்டு பெண்கள். வரன் பார்ப்பதில் ஜாதகம் பார்ப்பதில்லையென்று பெருமையாய்ச் சொன்னார். பெண்களைக் கேட்டீரா என்றோம். தோழர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றார்.