ஒற்றை ஆள் கச்சேரியில் எத்தனை பேர்?

மேடையில் ஒரே ஆள். கையில் கிட்டார், காலடியில் லூப் பெடல். கிட்டாரின் கட்டையைத் தட்டியபடி பெடலை மிதிக்கிறார். அந்தத் தட்டல் பதிவாகிச் சுற்றிச் சுற்றி ஒலிக்கிறது. அதன்மேல் பேஸ், அதன்மேல் கார்டுகள், அதன்மேல் குரல். இரண்டே நிமிடத்தில் ஒரு முழு இசைக்குழு எழுந்து நிற்கிறது. மெல்போர்ன் தெருக்களில் வாசித்துக்கொண்டிருந்த டாஷ் சுல்தானா இப்படித்தான் உலக மேடைகளுக்கு வந்தார். 2015 ஜூலையில் எட் ஷீரன் லண்டன் வெம்ப்ளி மைதானத்தை மூன்று இரவுகள் நிரப்பியதும் இப்படித்தான்.

எனக்கு இந்த வடிவம் பிடிக்கும். இதில் உழைப்பை மறைக்க முடியாது. முதல் தட்டல் கொஞ்சம் பிசகினாலும் அந்தப் பிசகு பாட்டு முடியும்வரை கூடவே சுற்றும். ஆனால் 'யாருமே தேவைப்படாத தனிமேதை' என்று இவர்களைப் பாராட்டுகிறார்களே, அங்கேதான் முரண்படுகிறேன். ஒருவர் ஏன் தனியாக வாசிக்க நேர்கிறது என்ற கேள்வியை அந்தப் பாராட்டு விழுங்கிவிடுகிறது.

ஜெஸ்ஸி ஃபுல்லரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1896இல் பிறந்த கருப்பினத்தவர். 'பிரித்து வைத்தாலும் சமம்தான்' என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் தீர்ப்பளித்து, நிறவெறிக்குச் சட்டத்தின் துணையைக் கொடுத்த அதே ஆண்டு. ரயில்வேயில் வேலை செய்தார், ஷூவுக்குப் பாலிஷ் போட்டார், கப்பல் கட்டும் தளத்தில் உழைத்தார். இசையையே பிழைப்பாக்கிக்கொள்ளலாம் என்று 1950களின் தொடக்கத்தில் அவர் முடிவெடுத்தபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. நம்பிக் கூட்டுச் சேர இசைக்கலைஞர்கள் கிடைக்கவில்லை. கிடைக்காத பேஸ்காரரைத் தன் காலாலேயே உருவாக்கினார். டபுள் பேஸின் மேற்பகுதிபோல் வளைந்த மரப்பெட்டி, அதில் ஆறு தந்திகள், ஒவ்வொன்றையும் அடிக்க ஒரு சுத்தியல், சுத்தியலை இயக்கக் கால்மிதி. அதற்கு 'ஃபோட்டெல்லா' என்று பெயர். கைகளில் பன்னிரண்டு தந்தி கிட்டார், கழுத்துச் சட்டத்தில் மவுத் ஆர்கனும் கசூவும், இன்னொரு காலில் தாளம். லூப் பெடல் கடைக்கு வரப் பல பத்தாண்டுகள் இருந்தன. அவருக்கு எதுவும் தானாகத் திரும்ப ஒலிக்காது. ஒவ்வொரு அடியையும் அவரே மிதிக்க வேண்டும்.

பாப் டிலனின் 1962ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தில் முதல் பாட்டு ஃபுல்லருடையது. எரிக் கிளாப்டனின் 1992ஆம் ஆண்டு 'அன்பிளக்ட்' கோடிக்கணக்கில் விற்றது. அதிலுள்ள 'சான் பிரான்சிஸ்கோ பே ப்ளூஸ்' ஃபுல்லரின் பாட்டு. அவர் 1976லேயே இறந்துவிட்டார். அந்தப் பாட்டைக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு ஃபோட்டெல்லா தெரியும்? கூலி வேலை செய்தவர் கருவி செய்தால் அது வேடிக்கை. கம்பெனி செய்தால் தொழில்நுட்பம்.

இன்றும் தனியாக வாசிப்பது எல்லோருக்கும் விருப்பத் தேர்வல்ல. நான்கு பேருக்குக் கூலி கொடுக்க மனமில்லாத விடுதி முதலாளிக்கு, நான்கு பேர் வேலையை ஒருவரே செய்வது நல்ல ஏற்பாடுதானே. அந்த மிச்சம் மேடையில் நிற்பவரின் பைக்குப் போவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

லூப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. மேடையில் தன் கையின் ஒலியைத் தானே சுற்றவிடுவது ஒன்று. இன்னொருவர் கையின் ஒலியை வெட்டியெடுத்துச் சுற்றவிடுவது வேறு. 1969இல் 'தி வின்ஸ்டன்ஸ்' குழு வெளியிட்ட 'ஆமென், பிரதர்' பாட்டில் கிரெகரி கோல்மன் என்ற கருப்பினக் கலைஞர் ஏறத்தாழ ஏழு நொடி தனியாக டிரம்ஸ் வாசிக்கிறார். அந்த ஏழு நொடியை வெட்டி லூப்பாக்கி ஆயிரக்கணக்கான பாட்டுகள் செய்தார்கள். ஹிப்ஹாப்பில் அது இருக்கிறது, பிரிட்டனின் ஜங்கிள் இசை அதன் மேல்தான் நிற்கிறது. கோல்மனுக்கு ஒரு சல்லிக்காசு வரவில்லை. 2015இல் ரசிகர்கள் இணையத்தில் 24,000 பவுண்டு திரட்டி, குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் கொடுத்தார்கள். கோல்மன் 2006லேயே வறுமையில் இறந்துபோயிருந்தார்.