கோட்டக்குப்பத்துக்கு ரயில் எப்போது?

காலை எட்டு மணிக்குக் கோட்டக்குப்பம் கடைத்தெருவில் நின்று பாருங்கள். தெற்கே புதுச்சேரிக்குக் கூலி வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்கள் ஒரு பக்கம். வடக்கே காலாப்பட்டுக்குப் படிக்கப் போகிற மாணவர்கள் மறு பக்கம். படிக்கட்டு வரை ஆள் தொங்கிக்கொண்டு பஸ் வருகிறது. இடம் கிடைத்தவன் பாக்கியசாலி!

காலாப்பட்டில் மத்திய சர்க்காரின் பல்கலைக்கழகம் 1985-ல் ஏற்பட்டது. பொறியியல் கல்லூரி, சட்டக் கல்லூரி எல்லாம் அந்தப் பக்கம்தான். இத்தனைக்கும் வழி கிழக்குக் கடற்கரைச் சாலை ஒன்றே. லாரியும் காரும் பறக்கும் அதே சாலையில்தான் சைக்கிளில் போகிற தொழிலாளியும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

ரயில் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1879-லேயே புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். 2004-ல் அது அகலப் பாதையாயிற்று. ஆனால் அது மேற்கே போகிறது. கோட்டக்குப்பத்துக்காரர் ரயிலில் திண்டிவனம் போக வேண்டுமானால், புதுச்சேரி நகரம் முழுவதையும் கடந்து ஸ்டேஷனுக்குப் போய், மேற்கே 38 கிலோமீட்டர் சென்று விழுப்புரத்தை அடைந்து, பிறகு வடக்கே சுமார் 37 கிலோமீட்டர் பிரயாணம் செய்ய வேண்டும். சாலை வழியே சுமார் 40 கிலோமீட்டர்தான். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வித்தை!

சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குப் புதிய பாதை என்று 2008-09 ரயில்வே பட்ஜெட் காலத்திலேயே ஆரவாரமாகச் சொன்னார்கள். அன்று பிறந்த குழந்தைகள் இன்று கல்லூரி வாசலுக்கு வந்துவிட்டார்கள், ரயில் வரவில்லை. இத்திட்டத்துக்கு வெறும் 1,000 ரூபாய் ஒதுக்கிய ஆண்டும் உண்டு. அந்தப் பணத்தில் அளவெடுக்க வருகிறவர்களுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுக்கலாம்.

வருமானம் கட்டுமா என்று ரயில்வே இலாகா கணக்குப் பார்க்கிறது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் மின்சார ரயிலை ஓட்டியது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி. தர்மம் செய்யவா ஓட்டியது? ரயில் ஓடியது, அதன் கரையோரம் ஊர்கள் பெருகின. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரியே தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. சீசன் டிக்கெட் எடுத்துத் தொழிலாளியும் குமாஸ்தாவும் மாணவனும் இன்றும் அதில் போகிறார்கள். இங்கே கல்லூரிகள் முதலில் வந்துவிட்டன. ஜனங்கள் காத்து நிற்கிறார்கள். இன்னும் என்ன கணக்கு?

இன்னொரு தொல்லையும் உண்டு. முத்தியால்பேட்டை புதுச்சேரி, அதை ஒட்டிய கோட்டக்குப்பம் தமிழ்நாடு, கொஞ்ச தூரம் போனால் காலாப்பட்டு மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரன் 1954-ல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டான். ஆனால் பொறுப்பு என்று வந்தால் இந்தச் சர்க்கார் அந்தச் சர்க்காரைக் கைகாட்டுகிறது, இரண்டும் டில்லியைக் கைகாட்டுகின்றன. வேலைக்குப் போகிறவனுக்கு எல்லைக்கோடு எங்கே தெரிகிறது?

நாம் கேட்பது இதுதான். கடலூர் வரை முழுப் பாதைக்கும் பணம் வரட்டும் என்று காத்திராமல், புதுச்சேரி–காலாப்பட்டுப் பகுதியை முதலில் போடுங்கள். கோட்டக்குப்பத்துக்கு ஒரு ஸ்டேஷன், பல்கலைக்கழகத்துக்கு ஒரு ஸ்டேஷன் வேண்டும். காலையிலும் மாலையிலும் அடிக்கடி ஓடும் குறுந்தூர வண்டிகள் வேண்டும். பாதை போடுகிறோம் என்று கடலோரக் குப்பங்களை இடித்துத் தள்ள நாம் சம்மதிக்க மாட்டோம். நிலம் எடுக்கும் முன்பே மீனவ மக்களையும் சிறு விவசாயிகளையும் கூட்டிப் பேசி, மாற்று இடமும் முழு நஷ்டஈடும் கொடுத்த பிறகே மண்வெட்டி விழ வேண்டும்.