புரை பழுக்கக் காத்திருக்கலாமா?



வேங்கிக்காலில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்குச் சற்றுத் தொலைவில் வசிக்கும் உறவினர் ஒருவர் தம் மாமியாரைப் பற்றி அண்மையில் கூறினார். அம்மூதாட்டிக்கு வயது அறுபத்தெட்டு. இரு கண்களிலும் புரை. "நன்றாகப் பழுக்கட்டும், பேத்தியின் நிக்காஹும் முடியட்டும்" என்று இரண்டாண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்தனர். ஓரிரவு தாங்கொணாத் தலைவலி, வாந்தி. பித்தமென்று எண்ணிச் சுக்குக் கஷாயம் கொடுத்தனர். வலக்கண் சிவந்து வலிக்கிறதென்று மருத்துவரிடம் சென்றது ஆறாம் நாள்!

விழிக்குள்ளிருக்கும் லென்ஸுக்கு இரத்தக் குழாய் கிடையாது. கண்ணின் முன்பகுதியில் ஊறும் தெளிந்த நீரே அதற்கு உணவு. அந்நீர் ஊறுவதும் வடிவதும் சமமாக இருக்கும்வரை கண்ணழுத்தம் பெரும்பாலும் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிற்கும். இளமையில் வளைந்து கொடுக்கும் லென்ஸ் நாற்பதைத் தாண்டினால் விறைத்துவிடுகிறது. (ஊசியில் நூல் கோக்கப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறோமே, அதனால்தான்!) புரை முற்றும்போதோ, சிலருக்கு அது நீரை உறிஞ்சி, ஊறவைத்த கொண்டைக்கடலைபோல் உப்புகிறது. உப்பிய லென்ஸ் கருவிழித் திரையை முன்னே தள்ள, நீர் வடியும் மூலை அடைபடுகிறது. அழுத்தம் கிடுகிடுவென ஏறிப் பார்வை நரம்பை நசுக்குகிறது. வேறு சிலருக்கு, முற்றிய புரையிலிருந்து கசியும் புரதம் அதே வடிகாலை அடைக்கும். புரையை அகற்றிவிடலாம், பட்டுப்போன நரம்பை மீட்க வழியில்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் இத்தகைய 93 கண்களை ஆராய்ந்து 1996இல் வெளியிட்டனர். ஐந்து நாள்களுக்கு மேல் அழுத்தத்தில் கிடந்த கண்களில், அறுவைக்குப் பின்னும் பார்வை தெளியாமற்போவது மிகுதி எனக் கண்டனர்.

'பழுக்கட்டும்' என்பது பழைய அறுவை முறைக்குப் பொருந்திய பேச்சு. செயற்கை லென்ஸ் பொருத்தும் இன்றைய முறைக்கு அது தேவையே இல்லை. கல்லாய் இறுகிய புரைதான் மருத்துவருக்குத் தொல்லை. புரையுள்ளவரின் கண் திடீரெனச் சிவந்து வலித்தால், மருந்துக் கடைச் சொட்டு மருந்தை நாடாமல் அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அழுத்தத்தை அளக்கச் சில நிமிடங்கள் போதும்.

அம்மூதாட்டியின் வலக்கண்ணுக்கு இப்போது கையசைவு மட்டுமே தெரிகிறது. இடக்கண்ணுக்கு நிக்காஹுக்கு முன்பே அறுவை செய்துவிட்டனர். மணக்கோலத்தில் பேத்தியைக் கண்டது அந்தக் கண்ணால்தான்.