கிராபிக்ஸ் கார்டிலும் "பிளாக்" வியாபாரம்: இரட்டை விலைக்கு விற்றது எப்படி?

சினிமா தியேட்டர் வாசலில் "பிளாக்"கில் டிக்கெட் விற்ற காலம் உண்டு. அதே வேலையை கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கார்டிலும் காட்டி ஒரு கூட்டம் காசு பார்த்து விட்டது.

2020-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந்தேதி அமெரிக்காவின் என்விடியா நிறுவனம் ஆர்.டி.எக்ஸ். 3080 என்ற கார்டை விற்பனைக்கு விட்டது. விலை 699 டாலர். இந்தியாவுக்கு அறிவித்த விலை ரூ.71 ஆயிரம். இன்டர்நெட்டில் விற்பனை தொடங்கிய சில நிமிடத்திலேயே சரக்கு காலி. ஆசையோடு காத்திருந்தவர்களுக்கு பட்டை நாமம்தான்.

அள்ளியது யார்?

புரோக்கர்கள் ஏவிய "பாட்" என்ற தானியங்கி சாப்ட்வேர்தான். மனுஷன் முகவரியை டைப் அடிப்பதற்குள் அது பணத்தையே கட்டி முடித்து விடும். அப்படி அள்ளிய கார்டுகள் உடனே இ-பே தளத்தில் இரண்டு மடங்கு விலைக்கு வந்தன. என்விடியா மன்னிப்பு கேட்டது. சந்தேக ஆர்டர்களை ரத்து செய்தது. ஆனாலும் வேட்டை நிற்கவில்லை.

புரோக்கர் மட்டும்தான் காரணமா?

இல்லை. கொரோனாவில் வீட்டில் முடங்கியவர்களால் தேவை எகிறியது. சிப் தட்டுப்பாடும் சேர்ந்தது. இதற்கு மேல் "ஈதர்" என்ற டிஜிட்டல் நாணயத்தை இந்த கார்டுகளை ஓட விட்டுத்தான் எடுத்தார்கள். கார்டு போட்டு காசு எடுக்கிறவனுக்கு இரட்டை விலையும் லாபம்தானே! வீடியோ எடிட்டிங், அனிமேஷன் படிக்கிற மாணவன் அவனோடு எப்படி மல்லுக்கட்ட முடியும்?

2021 பிப்ரவரியில் வந்த 3060 கார்டில் ஈதர் எடுக்கும் வேகத்தை என்விடியா பாதியாக குறைத்தது. அடுத்த மாதமே அந்த பூட்டை திறக்கும் சாப்ட்வேரை தவறுதலாக அதுவே வெளியிட்டு விட்டது. பூட்டு போட்டவரே சாவியையும் கொடுத்த கதை!

சட்டம் என்ன செய்தது?

அமெரிக்காவில் "பாட்" வேலையை தடுக்க 2016-ல் வந்த சட்டம் நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு மட்டும்தான். மற்ற பொருட்களுக்கும் கொண்டு வர 2021-ல் வந்த மசோதா நிறைவேறவில்லை. நம் நாட்டில் எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது குற்றம். ஆனால் அந்த எம்.ஆர்.பி.யை போடுவதே இறக்குமதியாளர்தான்.

2022-ல் நாணய விலை சரிந்தது. செப்டம்பர் 15-ந்தேதி ஈதருக்கு கார்டே தேவையில்லை என்றாகி விட்டது. பழைய கார்டுகள் குவிந்தன. விலையை இறக்கியது போலீசும் இல்லை, சட்டமும் இல்லை. வாங்க ஆள் குறைந்ததுதான்.

2025 ஜனவரி 30-ந்தேதி 1,999 டாலருக்கு 5090 கார்டு வந்தபோதும் அதே கூத்துதான். அவசரப்பட்டவன் கை சுட்டது, பொறுத்தவன் பணம் தப்பியது என்பதுதான் 2022 சொன்ன பாடம்.