நாமா, நாங்களா?

என்ன நோக்கத்தோடு பழகுகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று அறிவுரை கூறும் காணொலிகளுக்கு இன்று பஞ்சமில்லை. குறுகிய கால உறவா, நீண்ட கால உறவா, வெறும் நட்பா என்று தெளிவுபடுத்தச் சொல்கிறார்கள். டிண்டர் செயலி 2022-இன் இறுதியில் இதற்கென்றே ஒரு பகுதியைச் சேர்த்தது. 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்பது உட்பட ஆறு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். நல்லதுதான். ஆனால் இந்தியாவில் படித்த இளைஞர்களின் உறவுகள் முறியும் இடம் அந்த ஆறு விடைகளுக்கும் வெளியே இருக்கிறது. ஏழாவது விடை ஒன்று உண்டு. 'உன்னோடு பழகுவேன்; மணம் மட்டும் என் சாதியில்தான்' என்பதே அது.

இந்த விடையை எவரும் முதல் மாதத்தில் சொல்வதில்லை. இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ, வேலை கிடைத்தபின், வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கியபின், 'அப்பா ஒப்புக்கொள்ளவில்லை' என்ற வடிவில் அது வெளிவருகிறது, ஏதோ எதிர்பாராமல் வீசிய புயலைப்போல. முதுகலை பயின்ற தில்லியிலும் இப்போது ஆய்வு செய்யும் ஐதராபாத்திலும் இக்கதையை நண்பர்கள் வாயிலாகப் பலமுறை கேட்டுவிட்டேன். மொழி மாறும், மாநிலம் மாறும், சொல்பவர் ஆணா பெண்ணா என்பதும் மாறும். அந்த வாக்கியம் மாறாது. அப்பா ஒப்பமாட்டார் என்பது, அவர் வீட்டிலேயே இருபத்தைந்து ஆண்டுகள் வளர்ந்தவருக்கு முதல் நாளே தெரியும். 2011-12-இல் நடந்த இந்திய மானுட மேம்பாட்டு ஆய்வின்படி, இந்நாட்டில் சாதி கடந்த திருமணங்கள் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே. எஞ்சிய 95-இன் பக்கம் நிற்கப் போகிறவர், தாம் எப்பக்கம் என்று அறியாமலா இருந்திருப்பார்?

இடைப்பட்ட காலம் முழுவதையும் ஒரே ஒரு சொல் தாங்கி நிற்கிறது: 'பார்ப்போம்'.

இச்சொல்லைச் சற்று உற்றுநோக்கலாம். என் படிப்புக்கும் ஒரு பயன் இருக்கட்டும். தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்'. அவரை வெளியே நிறுத்தினால் 'நாங்கள்'. தெலுங்கிலும் 'மனம்', 'மேமு' என்று இவ்வேறுபாடு உண்டு. இந்தியின் 'ஹம்' இதைக் காட்டாது. ஆங்கிலத்தின் 'வி'யும் காட்டாது. நமக்கு வாய்த்த இந்த நுட்பம் ஆனால் வினைமுற்றை எட்டவில்லை. 'நாம் பார்ப்போம்', 'நாங்கள் பார்ப்போம்' இரண்டுக்கும் விகுதி ஒன்றே. எழுவாயை விட்டுவிட்டு வினையை மட்டும் சொன்னால், யாரைச் சேர்த்துச் சொல்கிறோம் என்பதைச் சொல்லாமலே தப்பிக்கலாம். காதலியோ காதலனோ அதை 'நாம்' என்று கேட்கிறார். சொன்னவர் மனத்தில் இருந்தது 'நாங்கள்': நானும் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருக்கும் பெரியப்பாவும்.

பொய் ஏதும் சொல்லவில்லையே என்று வாதிடுவார்கள். இவ்வாதத்துக்கு மெய்யியலாளர் பால் கிரைஸ் 1967-இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளிலேயே விடை இருக்கிறது. வண்டியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று நிற்பவரிடம், 'அந்த முனையில் ஒரு பங்க் இருக்கிறது' என்கிறீர்கள். அது திறந்திருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. ஆயினும் அவர் அப்படித்தான் புரிந்துகொள்வார். அப்படிப் புரிந்துகொள்ள அவருக்கு உரிமையும் உண்டு. ஏனெனில் தேவையான தகவலை மறைக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையின்மீதுதான் மனிதர்களின் உரையாடல் நடக்கிறது. பங்க் மூடிக்கிடப்பது தெரிந்தே நீங்கள் அப்படிச் சொல்லியிருந்தால், உங்கள் வாக்கியம் மெய். உங்கள் செயல் வஞ்சனை. எதிர்காலத்தைப் பற்றிக் கேட்பவரிடம் 'பார்ப்போம்' என்பதும் மூடிய பங்குக்கு வழி காட்டுவதே. வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பவர் நீங்கள் அல்லர்.

கசப்பான முரண் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். முற்போக்காளர்கள் நாம் எள்ளி நகையாடும் ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை விளம்பரம், இந்த ஒரு வகையில் நம் வளாகக் காதலர்களைவிட நேர்மையானது. சாதி, உட்பிரிவு, கோத்திரம், எதிர்பார்ப்பு அனைத்தையும் நான்கு வரியில் சொல்லிவிடுகிறது. இழிவானதுதான், ஆனால் யாரையும் மூன்றாண்டு காத்திருக்க வைப்பதில்லை. பகலில் கருத்தரங்கில் அம்பேத்கரை மேற்கோள் காட்டிவிட்டு, மாலையில் 'எங்கள் வீடு வேறு மாதிரி' என்று முணுமுணுப்பவரிடம் அந்த நான்கு வரி நேர்மைகூட இல்லை.

தொடக்கத்திலேயே இதையெல்லாம் பேசினால் காதல் வருமா என்று கேட்கிறார்கள். எந்தத் திரைப்படத்துக்குப் போவது, யார் சமைப்பது, யார் எந்த ஊரில் முதுமுனைவர் ஆய்வு செய்வது என்று எல்லாம் பேசியும் வாடாத காதல், இதைப் பேசினால் மட்டும் வாடும் என்றால், அது எதை மறைத்து வளர்ந்தது என்று கேட்கத்தானே தோன்றும்? மனம் இன்னும் தெளியவில்லை என்பது வேறு. அது உண்மையாகவும் இருக்கலாம். அதைச் சொல்லவும் செய்யலாம். 'எனக்குத் தெரியவில்லை' என்று கேட்டவர் தம் முடிவைத் தாமே எடுக்க முடியும். தெரிந்ததைத் தெரியாததாகக் காட்டும்போது அவருடைய முடிவையும் நீங்களே எடுத்துவிடுகிறீர்கள்.

அச்சம் என்னும் மறுமொழியை மட்டும் நான் எளிதாகத் தள்ளமாட்டேன். 2018 செப்டம்பரில், இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள மிரியாலகூடாவில், ஒரு தலித் இளைஞர் கருவுற்ற மனைவியோடு மருத்துவமனையிலிருந்து வெளியே வரும்போது வெட்டிக் கொல்லப்பட்டார். ஏவியவர் பெண்ணின் தந்தை. எனவே அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அந்த வெட்டு யார்மேல் விழுந்தது என்று பாருங்கள். உங்கள் வீட்டின் சினம் எவ்வளவு கொடியது என்று உங்களுக்குத் தெரியுமென்றால், அதை முதலில் அறிய வேண்டியவர் அச்சினத்துக்கு இலக்காகப் போகிறவர். அச்சத்தைக் காரணம் காட்டி மௌனம் காப்பவர், தம் பங்கு ஆபத்தையும் அவர்மீதே ஏற்றிவைக்கிறார்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். நிறைவேற்றும் எண்ணமின்றித் திருமண வாக்குக் கொடுத்து உடலுறவு கொள்வதை, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. பத்தாண்டு வரை சிறை. தொடக்கத்திலேயே பொய்யான வாக்கு வேறு, பின்னர் நிறைவேற்ற முடியாமற்போன வாக்கு வேறு என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. அவ்வழக்கிலும் இடையில் நின்றது சாதிதான்; சாதியால் திருமணம் தடைப்படலாம் என்பதை ஆண் முன்பே பேசியிருந்ததை நீதிமன்றம் கருத்தில் கொண்டு வழக்கை ரத்து செய்தது. இவை எவற்றாலும் 'பார்ப்போம்' என்றவரைத் தொட முடியாது. அவர் வாக்கே கொடுக்கவில்லை. தொட வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. காதல் விவகாரங்களைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் அங்கே யார் குரல் எடுபடும் என்பது நமக்குத் தெரியும்.

நான் கேட்பது மிகச் சிறிது. உறவு என்று ஒன்றை இருவரும் ஒப்புக்கொள்ளும் முதல் சில வாரங்களுக்குள் மூன்று செய்திகளைச் சொல்லிவிடுங்கள்: உங்கள் வீட்டில் இதுவரை யாரேனும் சாதி கடந்து மணந்ததுண்டா, வீட்டார் மறுத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், செய்யமாட்டீர்கள் என்றால், அதையும். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவாளர் அலுவலகத்தில் 30 நாள் அறிவிப்பு ஒட்டப்படும் என்பதையாவது இருவரும் சேர்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். எதிரிலிருப்பவர் அதைக் கேட்டுவிட்டு எழுந்து போகலாம், அல்லது திருமணம் தமக்கும் பொருட்டல்ல என்று சிரித்துக்கொண்டே தேநீரைப் பருகலாம். இரண்டுமே அவர் உரிமை.