திடலில் விட்டுவந்த மைல்கற்கள்

1859ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிட்ஸ்ஃபீல்டு என்னும் ஊரில் இரண்டு கல்லூரிகள் பேஸ்பால் ஆடின. ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி 73 ஓட்டங்கள், வில்லியம்ஸ் கல்லூரி 32. அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் பேஸ்பால் ஆட்டம் அதுதான். அதே பயணத்தில் இரு கல்லூரி மாணவர்களும் சதுரங்கமும் ஆடினார்கள். அதிலும் ஆம்ஹெர்ஸ்டே வென்றது. உடலுக்கு ஒரு போட்டி, மூளைக்கு ஒரு போட்டி. இரண்டையும் அவர்கள் ஒன்றாகவே வைத்தார்கள்.

ஆடியவர்கள் மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆனால் அந்த 73உம் 32உம் மறையவில்லை. யாரோ ஒருவர் அன்றே எழுதிவைத்தார். அடுத்து வந்தவர்கள் அதைப் பாதுகாத்தார்கள். அதனால்தான் பேஸ்பால் மட்டையைத் தொட்டே பார்த்திராத என்னால், இத்தனை ஆண்டுகள் கழித்துச் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல முடிகிறது.

இனி நம் கதைக்கு வருவோம். நம் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆசியாவின் மிக வேகமான மனிதராக விளங்கிய தமிழர் யார்? விடுதி உணவகத்தில் நண்பர்கள் ஐவரிடம் இதைக் கேட்டேன். ஐவரும் தமிழர்கள், ஐவரும் பேரவை நிகழ்ச்சிகளில் ஓடியாடி வேலை செய்பவர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொல்வதானால், ஓராண்டுக்கு முன்பு கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

அவர் பெயர் மணி ஜெகதீசன். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் மலாயாவுக்காக ஓடியபோது அவருக்கு வயது 16. 1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் 200 மீட்டரில் தங்கம் வென்றார். பிறகு சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். இன்றைய தேசியப் பல்கலைக்கழகத்தின் முன்னோடி அது. மருத்துவ மாணவராக இருந்தபோதே, 1966 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டுகளில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். 'பறக்கும் டாக்டர்' என்று பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. பின்னாளில் மலேசியாவில் மருத்துவ ஆய்வுத் துறையில் உயர் பொறுப்புகளை வகித்தார்.

பாங்காக்கில் அந்த 100 மீட்டர் ஓட்டத்தில் மயிரிழையில் இரண்டாவதாக வந்தவர் யார் தெரியுமா? சிங்கப்பூரின் கனகசபை குணாளன். ஆசியாவின் முதல் இரண்டு இடங்களும் நம்மவர்களுக்கே! இதிலே இன்னொரு செய்தியும் உண்டு. 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கிற்கு இருவரும் ஒரே மலேசிய அணியில் சென்றவர்கள். 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி நாடு இரண்டானது. 1966இல் இருவரும் வெவ்வேறு கொடிகளை நெஞ்சில் தாங்கி ஒரே கோட்டில் நின்றார்கள். இரு நாடுகள் பிரிந்த வரலாற்றை எத்தனையோ நூல்களில் படித்திருக்கிறோம். பத்து விநாடிச் சொச்சத்தில் அதைச் சொன்ன அந்த ஓட்டம் நம் பாடநூல் எதிலும் என் கண்ணில் பட்டதில்லை.

1968இல் இருவரும் மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஓடினார்கள். குணாளன் 100 மீட்டரை 10.38 விநாடிகளில் கடந்தார். ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடிகளில் கடந்தார். மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்று அடர்த்தி குறைந்த அந்த உயரம் குறுந்தொலைவு ஓட்டக்காரர்களுக்குக் கைகொடுக்கும் என்பது உண்மைதான். அப்படியே வைத்துக்கொண்டாலும், 10.38 என்ற சிங்கப்பூர்ச் சாதனை முறியடிக்கப்பட 33 ஆண்டுகள் ஆயின, 2001இல் யூ.கே. ஷியாம் 10.37இல் ஓடினார். 20.92 என்ற மலேசியச் சாதனை 2017 வரை, 49 ஆண்டுகள் நிலைத்தது. உயரமான இடத்தின் காற்று மட்டுமே அரை நூற்றாண்டுக் காலம் ஒரு சாதனையைக் காத்து நிற்காது.

குணாளனின் கதைக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். சிராங்கூன் சாலை வழியாகப் பெருமாள் கோயிலைத் தாண்டினால் ஃபேரர் பார்க். 1840களிலிருந்து 1933 வரை அங்கேதான் குதிரைப் பந்தயம் நடந்தது; ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் அதன் மிச்சம். 1919 டிசம்பரில் சிங்கப்பூருக்கு வந்த முதல் விமானம் இறங்கியதும் அங்கேதான். 1942 பிப்ரவரி 17ஆம் தேதி, சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரவர் அந்தத் திடலில்தான் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். போருக்குப் பிறகு அது மக்களின் விளையாட்டுத் திடலாக விளங்கியது. 1960களின் தொடக்கத்தில் அங்கே காற்பந்து ஆடிக்கொண்டிருந்த ஓர் இளைஞரின் வேகத்தைக் கண்டு, ஓட்டப் பயிற்சிக்கு வரும்படி அழைத்தார் பயிற்றுநர் டான் எங் யூன். அவரும் 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கிற்குச் சென்று வந்தவர். அந்த இளைஞர்தான் குணாளன். அப்போது அவருக்கு இருபது வயது கடந்துவிட்டது. நம் வயது! "இனி என்ன, காலம் போய்விட்டது" என்று நம்மில் பலர் காலணியைக் கழற்றி வைக்கும் வயதில் அவர் ஓடத் தொடங்கினார்.

இவர்கள் இருவர் மட்டுமா? பி.சி. சுப்பையா 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஓடினார். 1973இல் 10,000 மீட்டரில் அவர் படைத்த தேசியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. அதே 1973இல், சிங்கப்பூர் முதன்முறையாக ஏற்று நடத்திய தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளில், ஆசிரியை குளோரி பர்னபாஸ் 200 மீட்டரில் தங்கம் வென்றார். கே. ஜெயமணி 1983இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் பெண்கள் மாரத்தான் தங்கத்தைத் தட்டிச் சென்றார். இவை ஒவ்வொன்றும் ஒரு மைல்கல். கல் அங்கேயே இருக்கிறது. அதில் நம் மொழியில் எழுத்துப் பொறிக்கத்தான் ஆளில்லை.

நான் பள்ளிப் பருவத்தில் கொஞ்சம் ஓடியவள். ஜொகூரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் படித்தேன். எங்கள் திடலின் ஒரு மூலையில் எப்போதும் தண்ணீர் தேங்கியிருக்கும். இல்ல விளையாட்டுப் போட்டியன்று உடற்கல்வி ஆசிரியர் சுண்ணாம்புக் கோட்டின் ஓரத்தில் நின்று, "கோட்டுக்கு வாங்க... தயார்..." என்று சொல்லி விசில் ஊதுவார். அந்த இரண்டு சொற்களைக் கேட்டாலே வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்கும். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனேன். அங்கே "கெ காரிசான்... செடியா..." என்று மலாயில் சொன்னார்கள். அதற்கும் ஓடினேன். சிங்கப்பூருக்கு வந்த பிறகு அதே கட்டளையை ஆங்கிலத்தில் கேட்டேன். கால்களுக்கு மொழி பேதம் இல்லை. எந்த மொழியில் சொன்னாலும் ஓடும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஆறாம் ஆண்டோடு தமிழ் திடலை விட்டு வெளியேறிவிட்டது. அதன் பிறகு நான் தமிழைக் கேட்டதெல்லாம் வகுப்பறையில், கோயிலில், மேடையில், வீட்டுச் சமையலறையில்தான். வியர்வை சிந்தும் இடத்தில் கேட்கவில்லை.

பதினைந்து வயதில் நானும் ஓட்டத்தை நிறுத்தினேன். யாரும் தடுக்கவில்லை. "தேர்வு வருதும்மா, ஓடினது போதும்" என்று அம்மா ஒரே ஒருமுறை சொன்னார். அவ்வளவுதான். அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். தோட்டப்புறத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குப் படிப்பு ஒன்றே ஏணி. ஏணியில் ஏறும் பிள்ளையைப் பார்த்து "கொஞ்சம் இறங்கி விளையாடிவிட்டு வா" என்று எந்தத் தாய் சொல்வாள்? ஆனால் மருத்துவம் படித்துக்கொண்டே மூன்று தங்கம் வென்ற ஒருவர் நம் இனத்தில் இருந்தார் என்று அன்று எங்கள் வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்தால், பேச்சு வேறு மாதிரி போயிருக்கலாம். "படிப்பா, விளையாட்டா?" என்று கேட்காமல், "இரண்டையும் எப்படிச் சமாளிக்கப் போகிறாய்?" என்றாவது கேட்டிருப்பார்கள். வரலாறு தெரியாததால் வரும் இழப்பு இப்படித்தான் சத்தமில்லாமல் வருகிறது. பாரதி பாப்பாவுக்குச் சொன்ன முதல் அறிவுரையே ஓடச் சொன்னதுதான். பாட்டை மனப்பாடம் செய்து பரிசு வாங்கினோம், அறிவுரையை விட்டுவிட்டோம்.

"தமிழ்ப் பேரவையின் வேலை தமிழ் வளர்ப்பது, விளையாட்டுக்குத்தான் வேறு மன்றங்கள் இருக்கின்றனவே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் பேரவைக்கு ஓட்டப்பந்தய அணி வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஒரு மொழி எங்கெல்லாம் புழங்குகிறதோ அங்கெல்லாம்தான் அது வாழ்கிறது. நாம் விவாதம் நடத்துகிறோம், நாடகம் போடுகிறோம், கவிதை எழுதுகிறோம். எல்லாம் நல்லவைதான். ஆனால் தசைப்பிடிப்பு வந்தவனிடம், தோற்றுவிட்டு அழுபவளிடம், கடைசிச் சுற்றில் மூச்சிரைக்க ஓடும் நண்பனிடம் பேசத் தமிழ் நமக்கு உடனே வாய்க்கு வருகிறதா? மேடைக்கு மட்டும் உடுத்திக்கொள்ளும் பட்டுப்புடவையாகத் தமிழை வைத்திருந்தால் அது கசங்காமல் இருக்கும். ஆனால் பெட்டிக்குள்தான் இருக்கும்.

"இது வெறும் இனப்பெருமை அல்லவா?" என்றும் கேட்கலாம். பதக்கப் பட்டியலை மட்டும் எழுதினால் அப்படித்தான் ஆகும். ஆகவே பட்டியல் வேண்டாம், கதை வேண்டும் என்கிறேன். குணாளனின் கதையை எழுதினால் டான் எங் யூனை எழுதாமல் இருக்க முடியாது. ஜெகதீசனை எழுதினால் இரு நாடுகளையும் எழுதியாக வேண்டும். உண்மையாக எழுதப்பட்ட விளையாட்டு வரலாற்றில் ஒரே இனம் மட்டும் இருக்கவே முடியாது. தோற்றவர்களையும், பதக்கம் வாங்காமலே பத்தாண்டு பயிற்சிக்கு வந்தவர்களையும், பிள்ளையைத் திடலுக்கு அழைத்துவந்து ஓரத்தில் காத்திருந்த தாய்மாரையும் அதில் சேர்க்க வேண்டும். அப்போது அது வரலாறு ஆகும்.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதி திரட்டினார். சாதாரணத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் உள்ளே தமிழ் நுழைய அவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். அந்தக் கதவுக்கு உள்ளே நிற்கும் நாம், தமிழை இன்னும் எத்தனை அறைகளுக்குக் கொண்டுபோயிருக்கிறோம்?

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. ஃபேரர் பார்க் வட்டாரத்தில் சுமார் 1,600 வீடுகள் கட்டப்படும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. பழைய குத்துச்சண்டைக் கூடம் காக்கப்படும் என்றும், விளையாட்டுக்கு இடம் இருக்கும் என்றும் அப்போதே சொன்னார்கள். நல்லது. வீடு வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் கட்டடத்தைக் காக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். நினைவைத் தமிழில் காக்க நம்மைத் தவிர வேறு யாரும் வரப்போவதில்லை. 1960களில் அந்தத் திடலின் ஓரத்தில் நின்று கைதட்டியவர்கள் இன்று எண்பதை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறார்கள். அவர்களில் சிலர் நம் தாத்தா பாட்டிகளாகவே இருக்கலாம்.

ஆகவே பேரவைக்கு மூன்று எளிய வேண்டுகோள்கள். ஒன்று, இந்த ஆண்டு மலரில் ஒவ்வோர் இதழிலும் நான்கு பக்கம் விளையாட்டுக்கு ஒதுக்குங்கள். மூத்த விளையாட்டாளர் ஒருவரை இரு மாணவர்கள் சென்று கண்டு, தமிழில் பேசி, தமிழில் எழுதட்டும். இரண்டு, முதலாண்டு மாணவர்களை வரவேற்கும்போது ஒரு மாலைப்பொழுது அவர்களைத் தேக்காவில் தோசையோடு திருப்பி அனுப்பிவிடாமல், ஃபேரர் பார்க் திடல்வரை நடத்திக் கூட்டிச்சென்று இந்தக் கதைகளைச் சொல்லுங்கள். மூன்று, நம் பேரவையின் விளையாட்டு நாளிலாவது அறிவிப்பும் கட்டளையும் தமிழில் இருக்கட்டும்.

முன்னாள் மாணவர்களாகிய அண்ணன்மார்களே, அக்காமார்களே! உங்கள் அலமாரியில் பழைய ஓட்டப்பந்தயச் சான்றிதழோ, கறுப்பு வெள்ளைப் படமோ, ஆணி வைத்த காலணியோ இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எங்களுக்குச் சொல்லுங்கள். நாங்கள் வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம்.

இதை எழுதத் தொடங்கிய வாரத்தில், ஏழாண்டுகளுக்குப் பிறகு விடுதியின் அருகிலுள்ள திடலுக்குப் போனேன். அந்தி நேரம், வேறு யாரும் இல்லை. கோட்டில் நின்று, வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன்: "கோட்டுக்கு வாங்க... தயார்..." விசில் ஊத ஆளில்லை. ஆனாலும் ஓடினேன்.