வால்வு ஒலிபெருக்கிக்கு ஒரு மேசை

விழா மலர்களில் எழுதும் பழைய மாணவர்கள் கட்டடம் வேண்டும், நூல்நிலையம் வேண்டும், கணினி வேண்டும் என்று கேட்பது மரபு. அவை வேண்டியனவே. ஆயினும் யான் இங்கு கேட்பது ஒரு மரமேசை. அதன்மேல் ஈயம் பற்றவைக்கும் கோலும், மின்னளவு காட்டும் மீற்றரும், வால்வினால் இயங்கும் பழைய ஒலிபெருக்கி ஒன்றும் இருத்தல் வேண்டும். மாணவர் அதனைக் கழற்றவும் பழுது காணவும், ஈற்றில் அதுபோல் ஒன்றைத் தாமே ஆக்கவும் பயில வேண்டும் என்பது என் கருத்து.

சாவகச்சேரிக்கோ கொழும்புக்கோ பொருந்தாத ஒரு காரணம் நமது கரைக்கு உண்டு. உப்பளங்களிலும் கடலேரியிலுமிருந்து எழும் உவர்க்காற்று புத்தளம் முதல் கற்பிட்டி வரையும், தெற்கே உடப்பு வரையும், எப்பொறியையும் நெடுநாள் விட்டுவைப்பதில்லை. வால்வு செருகும் துளைகளில் பச்சைக் களிம்பு பூக்கும். மின்மாற்றியினுள் மயிரிழை போன்ற செம்புக்கம்பி அரிந்து அறும். பழைய காகிதக் கொள்ளளவிகள் ஈரத்தை உறிஞ்சி மின்னைக் கசியவிடும். பழுது நீக்கும் கலையைக் கற்க இதனினும் ஏற்ற இடம் வேறு உண்டோ?

வால்வின் வரலாறு சுருக்கமானது. பிளெமிங் என்பார் 1904இல் இருமுனை வால்வை அமைத்தார். லீ டீ பாரஸ்ட் 1906இல் அதனுள் கம்பி வலையொன்றை இட்டார். சிறு மின் அசைவு பெரியதொன்றை ஆளும் வழி அவ்வலையினால் பிறந்தது. நமது நாட்டின் வானொலி ஒலிபரப்பு 1925இல் கொழும்பில் முறையாகத் தொடங்கியதும், பிற்காலத்தில் ஏக்கலையிலிருந்து இலங்கை வானொலி தென்னிந்தியா எங்கும் கேட்டதும் வால்வின் வலுவாலேயே. டிரான்சிஸ்டர் 1947இல் தோன்றிய பின்னர் வால்வு வீடுகளைவிட்டு மெல்ல விலகியது. ஆயின் கிற்றார் வாசிப்போர் மட்டும் அதனை விடவில்லை. அமெரிக்காவின் பெண்டர் நிறுவனத்தார் செய்த பாஸ்மன் என்னும் ஒலிபெருக்கியைப் பார்த்தே லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையார் 1960களின் தொடக்கத்தில் தம்முடையதைச் செய்தனர். இன்றும் உலகெங்கும் அவ்வமைப்புக்களைப் பார்த்துப் பார்த்தே புதியன ஆக்குகின்றனர்.

நமது அயலில் சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழியினரின் மாஞ்சா இசைக்கு மின்சாரம் வேண்டியதில்லை. அதன் உறவினதாகிய பைலாவோ கிற்றாரைத் தழுவியது. 1970களில் ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய தமிழ்ப் பொப்பிசைக்கும் அதுவே துணையாயிற்று. அக்காலத்தில், 1970 முதல் 1977 வரை, இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. புதியது வாங்க இயலாதபோது பழையதைத் திருத்த அறிந்தவனுக்கே மதிப்பு. 1977இன் பின் கடைகள் நிறைந்தன, அம்மதிப்புப் போயிற்று.

இனி, திருத்துதல் எத்தகைய கல்வி என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். ஒலிபெருக்கியின் கடைநிலை வால்வின் உலோகத் தகடு செந்தழலாய்ச் சிவக்கிறது. அறியாதவன் வால்வு பழுதென்று புதியதை வாங்கிச் செருகுவான். அதுவும் சிவக்கும். அறிந்தவன் அவ்வால்வைக் கழற்றிவிட்டு, அதன் கம்பிவலைக்குரிய துளையில் மீற்றரை வைப்பான். அங்கே மின்னழுத்தம் இருத்தலாகாது. சில உவோற்று நேர் மின்னழுத்தம் காட்டுமாயின், முன்நிலையின் இருநூறு உவோற்று வரையான அழுத்தத்தைத் தடுத்து ஒலியை மட்டும் விடவேண்டிய கொள்ளளவி கசிகின்றது என்பது தெளிவு. உவர்க்காற்றில் முதலில் ஐயுறவேண்டியது அதுவே. துளையில் ஒன்றுமில்லாமல், வால்வைச் செருகிய பின் மட்டும் அழுத்தம் தோன்றுமாயின் குற்றம் வால்வினுடையது. இரைச்சலும் இவ்வாறே பேசும். நொடிக்கு நூறு அதிர்வுடைய முரல் என்றால் வடிகட்டும் கொள்ளளவிகள் வறண்டன. ஐம்பது என்றால் இழைக்குச் செல்லும் கம்பியையோ பூமித்தொடர்பையோ நோக்குக.

கணக்கும் இங்கே உயிர்பெறுகிறது. இரண்டு ஈ.எல். 84 வால்வுகளின் கதோட்டுக்கள் 130 ஓம் தடையொன்றில் சேர்ந்திருக்க, அதன் குறுக்கே 10.4 உவோற்று காணின், ஓமின் விதிப்படி 80 மில்லியம்பியர், வால்வொன்றிற்கு 40. அழுத்தம் 300 உவோற்றாயின் 12 உவாற்று. திரைவலைக்குச் செல்லும் சிறுபங்கைக் கழித்தால், தகட்டிற்கு விதித்த 12 உவாற்று எல்லைக்குச் சற்றுள்ளே நிற்கிறோம். பரீட்சைத்தாளில் உயிரற்றுக் கிடந்த விதி கண்முன் ஒளிர்வதை மாணவன் காண்பான். கைத்தொலைபேசியைத் திறந்தால் அவன் என்ன காண்பான்? ஒட்டி மூடிய கரும்பலகைகளையே.

வால்வு ஒலிக்குத் தெய்வீகம் கற்பிப்போரோடு எனக்கு உடன்பாடில்லை. கிற்றாருக்கு ஒலிபெருக்கி வாத்தியத்தின் ஒரு பாதி. அதிகம் ஊட்டும்போது வால்வு ஒலியை மெல்ல மெல்ல நசுக்குவதும், மின்னூட்டம் சற்றுத் தளர்வதுமே வாசிப்போன் விரும்பும் கனிவு. கோயில் நாதஸ்வரத்திற்கு அந்நசுக்கல் வேண்டவே வேண்டாம்; அங்கே டிரான்சிஸ்டரே நன்று. பழமையைப் பேணுகிறோம் என்று ஐம்பது ஆண்டுப் பழங்கொள்ளளவிகளை மாற்றாது வைத்திருப்பதும் பேதைமை.

“முன்னூறு உவோற்றைச் சிறுவர் கையிற் கொடுப்பதோ?” என்பார்க்கு என் விடை: அச்சம் நியாயமானது, ஆதலின் விதிகள் தளராதிருத்தல் வேண்டும். ஆசிரியரின்றி எவரும் மேசையைத் தொடலாகாது. மின்தொடர்பைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகள் உயிருடன் இருக்கும். தடையொன்றின் வழியே அவற்றை வடித்து, மீற்றரால் பார்த்த பின்னரே கை வைத்தல் வேண்டும். மின்னோடும்போது அளப்பதாயின் ஒரு கை முதுகின்பின் இருக்கட்டும். நெடுநாள் கிடந்த பெட்டியை இழைவிளக்கொன்றைத் தொடரில் இட்டே முதலில் எழுப்புக. விளக்கு தணியாது எரியின் உள்ளே குறுக்குத் தொடர்பு உண்டு. ஸ்பீக்கரை இணைக்காது ஒலிபெருக்கியை இயக்கலாகாது. மின்மாற்றியின்றி வீட்டு மின்சாரத்தை நேரே சட்டத்திற்கு எடுக்கும் பழைய வானொலிப் பெட்டிகள் நம் வாயிலுக்குள்ளேயே வரக்கூடாது. நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலையம் நிற்கும் கரையில் வாழும் பிள்ளைகள் மின்சாரத்தை அஞ்சவும் மதிக்கவும் எங்கேனும் கற்றே ஆகவேண்டும்.

வால்வு கிடைக்குமோ என்பது மற்றொரு வினா. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961 முதல் வால்வுகள் செய்த காலம் போயிற்று. இன்று ரஷ்யா, சுலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளிலேயே பெரும்பாலும் செய்கின்றனர். 2022இல் ரஷ்ய வால்வுகளின் வரவு தடைப்பட்டபோது கிற்றார்க்காரர் உலகெங்கும் கலங்கினர். எனினும் மேசையொன்றிற்கு வேண்டிய நாலைந்து வால்வுகளுக்குப் பஞ்சமில்லை. அயல்நாட்டிலுள்ள பழைய மாணவர் ஊர் வரும்போது பெட்டியில் ஓரிணை வால்வை வைத்துக்கொண்டு வரலாம். அரிதானது மின்மாற்றியே. செம்புக்காகப் பழைய பெட்டிகளை உடைப்பவரிடம் அவை போய்ச் சேருமுன், தம் வீட்டு மூலையில் அத்தகைய பெட்டி வைத்திருப்போர், ஓடினும் ஓடாவிடினும், அதனைக் கல்லூரிக்கு அனுப்பி உதவுவாராக. ஓடாததே எமக்கு உவப்பு.